கண் பார்வை குறைந்தவருக்கும் கொம்பியூட்டர் பேசும்

உங்கட வீட்டில் பார்வை குறைந்த ஒருவர் இருந்தால், குடிவரவுத் திணைக்களத்தின் கடிதத்தை யார் வாசித்துச் சொல்கிறார்கள்? பிள்ளையா, பக்கத்து அறைக்காரரா? தன் வழக்கு விபரத்தை அவர் தானே கேட்டறிய ஒரு வழி உண்டு.

என்விடிஏ என்ற திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். பார்வையற்ற இரண்டு அவுஸ்திரேலியர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் தேயும், உருவாக்கியது, 2006இல் தொடங்கினார்கள். இணைப்பு விசாவில் உள்ளவர்களுக்கு என்டிஐஎஸ் உதவி கிடையாது, ஆகவே இலவசம் என்பது பெரிய விஷயம்.

பழைய சிறிய லப்ரொப் போதும். முழுக்கப் பார்வை இல்லாதவர் என்றால் திரை கீறுப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, மலிவாகவே கேட்டு வாங்கலாம்! விசைப்பலகையும் ஹெட்போன் துளையும் நல்லாக இருக்கவேணும். விண்டோஸ் 11 ஓடுமா என்று பாருங்கள். விண்டோஸ் 10இன் வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்டோபருடன் முடிந்துவிட்டது.

முதல் தடவை திறக்கும்போது 'லப்ரொப்' விசை அமைப்பைத் தெரிவுசெய்து, கப்ஸ் லொக்கை என்விடிஏ விசையாக வையுங்கள். பிறகு கப்ஸ் லொக்குடன் ஏ அழுத்தினால் தொடர்ந்து வாசிக்கும். கொன்ட்ரோல் அழுத்தினால் வாயை மூடும். கப்ஸ் லொக்குடன் 1 அழுத்தினால் பயிற்சி நிலை: எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரைச் சொல்லும். முதல் கிழமை இதை மட்டும் பழகுங்கள், வகுப்பில் அரிச்சுவடி போல.

தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரத்தனம்தான், காது பழகிவிடும். ஆனால் யூனிகோட் தமிழ் வேணும். ஊரிலிருந்து பாமினி எழுத்துருவில் வரும் கடிதத்தில் 'அம்மா' என்பது அதற்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்' தான். அனுப்புபவரிடம் யூனிகோட்டில் கேளுங்கள்.

ஸ்கான் செய்த ஆங்கிலக் கடிதம் வெறும் படம், அப்படியே வாசிக்காது. அதைத் திறந்து கப்ஸ் லொக்குடன் ஆர் அழுத்தினால் எழுத்துக்களை அடையாளம் காண முயலும். திகதி, இலக்கங்கள் பிழையாக வரலாம். நேர்முகத் திகதியைப் பார்வையுள்ள ஒருவரைக் கொண்டு கட்டாயம் சரிபாருங்கள்.

பல பேர் இருக்கிற வீட்டில் ஹெட்போன் இல்லாமல் வழக்குக் கடிதம் கேட்கவேண்டாம்.

நார்த்மீட் ஆக்களுக்குக் கிட்ட, பரமற்றாவில், விஷன் அவுஸ்திரேலியா இருக்கிறது: 1300 84 74 66. தமிழில் பேச முதலில் 131 450 எடுத்து, மொழிபெயர்ப்பாளரோடு இணைக்கச் சொல்லுங்கள்.