வலையேறிய தமிழ்

புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளத்தில் உள்ள அரங்குளநாதர் கோயில் கல்வெட்டுகளைக் கல்லிலேயே காண விரும்புவோர் அவ்வூருக்குத்தான் செல்லவேண்டும், கல் இடம்பெயராது. அதே ஊரில் வாழும் மாணவர் ஒருவர், தம் கைப்பேசியில் குறுந்தொகையைத் தேடித் தொடுகிறார். சில நொடிகளில் பாடல்கள் திரையில் விரிகின்றன. அந்நொடிகளில் நிகழ்வன யாவை?

இணையம், வலை என்னும் இரு சொற்களையும் நாம் ஒன்றெனவே வழங்குகிறோம். இணையம் என்பது கணினிகளை இணைக்கும் பாதை. வலை அப்பாதையில் செல்லும் பக்கங்களின் தொகுதி. சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்சு லீ, 1989இல் வலைக்கான முன்மொழிவை அளித்தார். வலையின் தொழில்நுட்பத்தை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என 1993இல் அவ்வாய்வகம் அறிவித்தது.

மாணவர் தொட்டவுடன், அவரது உலாவி தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தருமாறு களப்பெயர் முறைமையைக் கேட்கிறது. பெயர் நமக்காக, எண் கணினிக்காக. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' எனத் தமிழிலேயே முடியும் களப்பெயர்களும் இன்று உள்ளன. எண் கிடைத்ததும், பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வழங்கியிடம் உலாவி வேண்டுகோள் அனுப்புகிறது. கேட்டதை வழங்குவதால் அது வழங்கி. வந்துசேர்வது மீயுரைக் குறிமொழியில் எழுதப்பட்ட கோப்பு. எது தலைப்பு, எது பத்தி, எது மற்றொரு பக்கத்திற்கான இணைப்பு என அக்குறிகள் சுட்டுகின்றன. நிறம், அளவு முதலிய தோற்றங்களை நடைதாள் வரையறுக்கிறது.

எழுத்து எவ்வாறு தெரிகிறது என்பதே தமிழுக்கு இடர் தந்த பகுதி. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை வலையில் ஏற்றினார். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தந்தனர். வலை பிறந்த அதே ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள லோசான் நகரிலிருந்து அவர் இதனைச் செய்தார் என்பது இனிய பொருத்தம். ஆயினும் அக்காலத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. உரோமன் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில், 'அறம்' என்ற சொல் பொருளற்ற குறிகளாகவே காட்சியளித்தது. தேடுபொறிக்கும் அது தமிழெனத் தெரியவில்லை.

ஒருங்குறி இச்சிக்கலை நீக்கியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை அது ஒதுக்குகிறது. ஓர் எழுத்துக்குரிய எண்ணில் வேறெதுவும் அமராது. 'தமிழ்' என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து எண்கள். மெய்யின் புள்ளியும் தனி எண் பெறுவது இலக்கணம் கற்றோருக்கு வியப்பளிக்கலாம். இம்முறையை ஏற்காத தமிழறிஞரும் உண்டு. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் 'அனைத்து எழுத்துரு தமிழ்க் குறியீட்டு முறை'யையும் ஒருங்குறியுடன் சேர்த்து, 2010இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது.

வலையேறிய எழுத்தும் அழியக்கூடியதே. வழங்கியில் இடம்பெறவும் களப்பெயரைத் தக்கவைக்கவும் குறித்த காலத்தில் கட்டணம் செலுத்தவேண்டும். தவறினால் தளம் மறையும். இலவச இடமளித்த ஜியோசிட்டீசு 2009இல் மூடப்பட்டபோது, அதிலிருந்த தமிழ்ப் பக்கங்களும் இடமிழந்தன. தன்னார்வலர்கள் படியெடுத்துக் காத்த பக்கங்களே இன்று காணக்கிடைக்கின்றன.