செத்த எலியும் தீவன மூடையும்



கிட்டங்கியில் அட்டியைப் பிரிக்கும்போது புண்ணாக்கு மூடைக்குள் எலி செத்துக் கிடப்பது நமக்குப் புதிதல்ல. எலியைத் தூக்கி எறிந்து, அந்த இடத்தில் இரண்டு கை அள்ளிக் கொட்டிவிட்டு, மீதியை எடை போட்டுக் கொடுத்து விடுகிறோம். நாமும் பல வருடங்கள் அப்படித்தான் செய்து வந்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நோயின் காரணம்

கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்னும் நுண்கிருமி மண்ணில் வித்தாக உறங்கிக் கிடக்கிறது. நன்கு உலர்ந்த தீவனத்தில் அது வளராது. ஈரமும், வெதுவெதுப்பும், காற்றில்லாத இடமும் அதற்கு வேண்டும். செத்த எலியின் உடலில் இவை மூன்றும் உண்டு. உடல் அழுகும்போது கிருமி பெருகி நஞ்சு உண்டாகிறது. கசியும் நீர் வழியாக அந்த நஞ்சு சுற்றியுள்ள தீவனத்தில் ஊறிவிடும். எலியை எடுத்தாலும் நஞ்சு மூடையிலேயே இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நஞ்சு செய்யும் வேலை

நரம்பின் நுனியிலிருந்து அசிடைல்கோலின் என்ற பொருள் வெளிவந்தால்தான் தசை அசையும். அதை வெளியே விடும் புரதத்தை இந்த நஞ்சு வெட்டிவிடுகிறது. கடை நிறையச் சரக்கு இருந்தும் ஷட்டரைத் தூக்க முடியாத நிலை என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டின் பின்னங்கால்கள் தள்ளாடும், படுத்தால் எழாது, நாக்கு தொங்கும், விழுங்க முடியாது. பெரும்பாலும் காய்ச்சல் இராது. முடிவில் மூச்சுவிடும் தசைகளும் செயலிழந்து மாடு இறந்துவிடும்.

சாம்பர் ஏரி தரும் பாடம்

உப்பு விளைச்சலுக்குப் பேர்போன ராஜஸ்தான் சாம்பர் ஏரியில், 2019 நவம்பரில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன. காரணம் இந்நோயே என்று பரேலியிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்தது. செத்த பறவையில் புழு வைக்கும். நஞ்சு புழுவைக் கொல்லாது. புழுவைத் தின்ற பறவையைக் கொல்லும். அதன் உடலிலும் புழு வைக்கும். இந்தச் சங்கிலியை அறுக்கவே செத்த பறவைகளை அள்ளிப் புதைத்தார்கள்.

மனிதருக்கும் இந்த ஆபத்து உண்டு. 1996-ல் குஜராத்தில் ஒரு விடுதிப் பள்ளியின் 34 மாணவர்கள் நோயுற்றனர். கடலைமாவுச் சேவில் இதே வகை நஞ்சை உண்டாக்கும் வேறொரு கிருமி இருந்தது தெரியவந்தது. சேவு விற்கும் நாம் இதை மறக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. செத்த எலியோ பூனையோ கிடந்த மூடையை முழுவதும் கழித்து, ஆழக் குழிதோண்டிப் புதைக்கவும். கோழிக்கும் போடக் கூடாது.

2. அட்டியைச் சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் போடவும்.

3. கிட்டங்கிக்குள் எலி மருந்து வேண்டாம். தின்ற எலி அட்டிக்குள் போய்ச் சாகும். பொறி வைத்து, தினமும் காலையில் பார்க்கவும்.

4. மழையில் நனைந்த மூடையை உலர்ந்த சரக்கோடு கலக்க வேண்டாம்.

5. உப்பிய டின் உணவுகளை விற்க வேண்டாம்.

6. மாடு விழுங்கவில்லை என்று யாராவது சொன்னால், வாயில் கஞ்சியோ மருந்தோ ஊற்ற வேண்டாம், வாய்க்குள் கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊற்றியது நுரையீரலுக்குள் போய்விடும்; வெறிநோயாக இருந்தால் கைவிட்டவர் உயிருக்கே ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வத்திராயிருப்பு வட்டாரத்தில் ஒரே ஒரு கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. மாதக் கணக்கு வைத்து நம்மிடம் தீவனம் வாங்குபவர்கள் அவர்களே. ஒரு மூடை போனால் அடுத்த வாரத்தில் ஈடுகட்டி விடலாம். அந்த மாடு போனால் அவர்களால் ஈடுகட்ட முடியாது. கழித்த மூடையின் விலையை நட்டக் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம்.