பதவியைத் திருப்பிக் கொடுத்த தளபதி

ஒரு டாலர் நோட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் யாராவது கொண்டுவந்து காட்டியிருப்பார். அந்த நோட்டின் நடுவில் ஒரு பெரியவரின் படம் இருக்கும். வெள்ளை முடி. இறுக மூடிய வாய். அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர். அந்த நாட்டின் தலைநகருக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அவர் ஒரு படைத்தளபதி. மன்னரை எதிர்த்து எட்டு ஆண்டுகள் போர் நடத்தினார். வெற்றி பெற்றார். பிறகு நாட்டின் தலைவர் ஆனார். இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். போரில் வென்ற தளபதி நாற்காலியில் உட்காருவது உலகத்தில் பல முறை நடந்ததுதான். இங்கிலாந்தில் கிராம்வெல் அப்படி உட்கார்ந்தார். பிரான்சில் நெப்போலியன் 1804இல் தானே மகுடம் சூடிக்கொண்டார். இருவருமே மக்கள் பெயரைச் சொல்லித்தான் மேலே வந்தார்கள். வாஷிங்டன் நாற்காலியிலிருந்து எழுந்து போனார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

படிக்க முடியாத பத்திரம்

வாஷிங்டன் 1732ஆம் ஆண்டு வர்ஜீனியா என்ற பகுதியில் பிறந்தார். அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. கடற்கரையை ஒட்டிய பகுதிகளைப் பிரிட்டிஷ் மன்னர் ஆண்டுவந்தார். வாஷிங்டனின் குடும்பத்துக்கு நிலபுலன் உண்டு. அண்ணன்கள் இங்கிலாந்துக்குப் போய்ப் படித்தார்கள். இவருக்கு 11 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். அதனால் வெளியூர்ப் படிப்பு கிடைக்கவில்லை. கல்லூரிப் படியை அவர் மிதித்ததே இல்லை. அந்தக் குறை கடைசிவரை அவர் மனதில் இருந்தது.

எழுத்து, கணக்கு, நிலம் அளக்கும் முறை. இவைதான் அவர் கற்றவை. 16 வயதில் அளவுச் சங்கிலியோடு காட்டுக்குப் போனார். அளந்ததை அன்றன்றே எழுதிவைத்தார். நம் ஊரில் நிலம் அளக்க வரும் சர்வேயர் செய்கிற அதே வேலைதான். கண்டதை எழுதிவைக்கும் பழக்கம் அங்கே வந்தது. அது அவரை விட்டுப் போகவே இல்லை.

22 வயதில் ஒரு பாடம் கிடைத்தது. 1754ஆம் ஆண்டு. அப்போது அவர் பிரிட்டிஷார் பக்கம் நின்று பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்டார். அவசரமாகக் கட்டிய சின்ன மரக்கோட்டை. கொட்டும் மழை. வெடிமருந்து நனைந்துவிட்டது. சரண் அடைவதைத் தவிர வேறு வழி இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பத்திரம் எழுதி அனுப்பினார்கள். அது பிரெஞ்சு மொழியில் இருந்தது. வாஷிங்டனுக்கு அந்த மொழி தெரியாது. உடன் இருந்த ஒருவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துப் பொருள் சொன்னார். வாஷிங்டன் கையெழுத்துப் போட்டார்.

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு பிரெஞ்சு அதிகாரியைப் படுகொலை செய்ததாக அவரே ஒப்புக்கொண்டது போல அதில் எழுதியிருந்தது. பிரான்சு அதை நாடு நாடாகப் பரப்பியது. அந்தச் சொல்லை எனக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று வாஷிங்டன் பல முறை எடுத்துச் சொன்னார். கையெழுத்துப் போட்டது போட்டதுதான். வட்டிக் கடையில் எழுதாத தாளில் கைநாட்டு வைத்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

சம்பளம் வேண்டாம், செலவுக் கணக்கு தருகிறேன்

காலம் மாறியது. பிரிட்டிஷ் அரசு மக்களின் சம்மதம் கேட்காமலே வரிமேல் வரி போட்டது. 13 பகுதிகளும் சேர்ந்து எதிர்த்தன. 1775இல் போர் தொடங்கியது. அந்தப் பகுதிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியா நகரில் கூடினார்கள். அந்தச் சபைக்குக் காங்கிரஸ் என்று பெயர். அது வாஷிங்டனைத் தளபதி ஆக்கியது. அப்போது அவருக்கு வயது 43.

மாதம் 500 டாலர் சம்பளம் என்றார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. வாஷிங்டன் சம்பளம் வேண்டாம் என்றார். ஆகும் செலவை மட்டும் கொடுங்கள், அதற்கு நான் கணக்கு வைக்கிறேன் என்றார். இந்தப் பொறுப்புக்கு எனக்குப் போதிய திறமை இருப்பதாக நான் நினைக்கவில்லை என்றும் சபையிலேயே சொன்னார். பதவி ஏற்கும்போது நம் ஆட்களும் இப்படி அடக்கமாகப் பேசுவது உண்டு. வாஷிங்டன் சொன்னபடி கணக்கு எழுதினார். எட்டு ஆண்டுகளும் எழுதினார்.

படை என்று பெயர்தான். வந்தவர்கள் விவசாயிகள், செருப்புத் தைப்பவர்கள், மீனவர்கள். ஓர் ஆண்டுக்குத்தான் பலர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கெடு முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். எதிரிலோ உலகத்தின் பெரிய கடற்படை. 1776இல் வாஷிங்டன் நியூயார்க்கை இழந்தார். அங்கே மொத்தப் படையும் மாட்டியிருக்கும். ஆகஸ்ட் 29ஆம் தேதி இரவோடு இரவாகச் சுமார் 9,000 பேரைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார். துடுப்புப் போட்டவர்கள் அந்த மீனவச் சிப்பாய்கள். விடியும்போது மூடுபனி வந்து மறைத்துக்கொண்டது.

அந்த ஆண்டு முடியும்போது எல்லாம் போய்விட்டது என்றே பலர் நினைத்தார்கள். கிறிஸ்துமஸ் இரவு. டெலவேர் ஆற்றில் பனிக்கட்டி மிதந்துவந்தது. வாஷிங்டன் 2,400 பேரோடு அதைக் கடந்தார். விடிந்ததும் டிரெண்டன் ஊரில் இருந்த எதிரிப் படையைத் தாக்கினார். சுமார் 900 பேர் பிடிபட்டார்கள். சின்னச் சண்டைதான். ஆனால் வீட்டுக்குப் போக இருந்த சிப்பாய்கள் பலர் நின்றார்கள்.

வாஷிங்டன் தோற்ற சண்டைகளே அதிகம். படையைக் கலையவிடாமல் வைத்திருந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். படை இருக்கும்வரை நாடு இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மையும் கக்கூசும்

துப்பாக்கியைவிடப் பெரியம்மை அதிகம் பேரைக் கொன்றுகொண்டிருந்தது. வாஷிங்டனுக்கு 19 வயதில் பெரியம்மை வந்து போயிருந்தது. முகத்தில் தழும்பு உண்டு. அதனால் அந்த நோய் எப்படிப்பட்டது என்று அவருக்குச் சொல்ல வேண்டியது இல்லை.

அப்போது தடுப்பூசி கண்டுபிடிக்கப்படவில்லை. வேறொரு முறை இருந்தது. அம்மைக் கொப்புளத்துச் சீழில் சிறிது எடுத்து, நல்ல உடம்பில் தோலைக் கீறி வைப்பார்கள். லேசாக அம்மை போட்டு ஆறும். பிறகு வாழ்நாளில் வராது. நம் நாட்டில் வங்காளத்தில் இந்த முறை அந்தக் காலத்திலேயே பழக்கத்தில் இருந்தது. இதில் ஆபத்தும் உண்டு. சிலர் இறந்தும் போவார்கள். சிப்பாய்கள் பல நாள் படுத்துக் கிடப்பார்கள். அது எதிரிக்குத் தெரிந்தால் படை அழிந்துவிடும். யோசித்துப் பார்த்து, 1777இல் படை முழுவதற்கும் அம்மை குத்த வாஷிங்டன் உத்தரவு போட்டார். வேலை ரகசியமாக நடந்தது. படையில் அம்மைச் சாவு குறைந்தது. ஜென்னர் தடுப்பூசியைக் கண்டுபிடித்தது 1796இல்தான். உலகத்தில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தார்கள்.

1777 டிசம்பரில் படை வேலி ஃபோர்ஜ் என்ற இடத்தில் முகாம் போட்டது. கடுங்குளிர். பலருக்குக் காலில் செருப்பு இல்லை. சாப்பாடு சரியாக வரவில்லை. காய்ச்சல், பேதி. ஆறு மாதத்தில் சுமார் 2,000 பேர் நோயில் இறந்தார்கள். வாஷிங்டன் விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே இருந்தார். உணவு அனுப்புங்கள், துணி அனுப்புங்கள் என்று காங்கிரசுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்.

அங்கே ஜெர்மனியிலிருந்து ஸ்டூபன் என்பவர் வந்து சேர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் சொல்வதை இன்னொருவர் மொழிபெயர்ப்பார். அவர் முதலில் ஒரு சிறு குழுவுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். அந்தக் குழு மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டர்கள் நடத்துகிற மாதிரிதான். சமையல் ஒரு பக்கம், கக்கூஸ் எதிர்ப் பக்கம், அதுவும் பள்ளத்தில் என்று முகாமுக்கு விதி போட்டவரும் அவரே. வெளிநாட்டுக்காரர், மொழி தெரியாதவர் என்று பார்க்காமல் அவர் கையில் படையைக் கொடுத்தது வாஷிங்டனின் பெருந்தன்மை.

1778இல் பிரான்சு துணைக்கு வந்தது. முன்பு யாரோடு சண்டை போட்டாரோ அவர்களே இப்போது கூட்டாளிகள். 1781 அக்டோபரில் யார்க்டவுன் என்ற ஊரில் பிரிட்டிஷ் படை சரண் அடைந்தது. அதன் தளபதி காரன்வாலிஸ். இந்தப் பெயர் நமக்கும் தெரிந்த பெயர்தான். அவர்தான் 1786இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார். திப்பு சுல்தானோடு போர் செய்து, 1792இல் அவருடைய இரண்டு மகன்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார். திண்டுக்கல் சீமை கம்பெனியின் கைக்குப் போனது அந்த உடன்படிக்கையில்தான்.

மூக்குக்கண்ணாடி

போர் ஓய்ந்தது. ஆனால் படைக்குச் சம்பளம் வரவில்லை. காங்கிரசிடம் பணம் இல்லை. அதிகாரிகள் கொதித்தார்கள். அதற்கு முன்பே, 1782இல், ஓர் அதிகாரி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். நீங்களே மன்னர் ஆகலாம் என்பது அதன் சாரம். வாஷிங்டன் கடும் கோபத்தோடு பதில் எழுதினார். இந்த எண்ணத்தை மனதிலிருந்தே துடைத்துவிடுங்கள் என்றார்.

1783 மார்ச்சில் அதிகாரிகள் ஒன்றுகூடினார்கள். காங்கிரசை மிரட்டலாம் என்ற பேச்சு நடந்தது. வாஷிங்டன் அந்தக் கூட்டத்துக்குத் தானே போனார். பொறுமையாக இருங்கள் என்று பேசினார். யாரும் மனம் மாறியதாகத் தெரியவில்லை. பிறகு ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் கடிதத்தைப் படிக்க எடுத்தார். எழுத்து தெரியவில்லை. தடுமாறினார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அவர் கண்ணாடி போட்டு அவர்கள் பார்த்ததில்லை. உங்களோடு உழைத்து எனக்கு முடி நரைத்தது, இப்போது பார்வையும் மங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். சிலர் அழுதுவிட்டார்கள். அவர் கேட்டபடியே தீர்மானம் நிறைவேறியது. சம்பளப் பாக்கிக்காகக் காங்கிரசிடம் வாதாடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி. அன்னாபொலிஸ் நகரில் காங்கிரஸ் கூடியிருந்தது. வாஷிங்டன் உள்ளே வந்தார். உறுப்பினர்களுக்குத் தலை வணங்கினார். தாளைப் பிடித்திருந்த கை நடுங்கியது. சுருக்கமாகப் பேசினார். தளபதிப் பதவியின் நியமனப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். செலவுக் கணக்கை அதற்கு முன்பே கொடுத்தாயிற்று. மறுநாள் வீட்டில் இருந்தார்.

அதைத் தடுக்க அந்த நாட்டில் யாராலும் முடிந்திருக்காது. தலைமையின் குணம் என்று தைரியத்தைச் சொல்வார்கள், பேச்சைச் சொல்வார்கள். இவர் பெரிய பேச்சாளர் அல்ல. கையில் வந்த அதிகாரத்தை இரவலாக வாங்கியதாக நினைத்தார். இரவல் என்றால் கணக்கு உண்டு, கெடு உண்டு.

1789இல் அவரையே ஒருமனதாகக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரை எப்படி அழைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. மேன்மை தங்கிய என்று நீளமான பட்டங்கள் சொன்னார்கள். கடைசியில் வெறும் திருவாளர் தலைவர் என்று ஆனது. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத ஜெஃபர்சன், ஹாமில்டன் இருவரையும் தன் அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். இரண்டு பக்கத்தையும் எழுதித் தரச் சொல்லிப் படித்துவிட்டு முடிவெடுப்பார். இரண்டு முறை பதவி வகித்தார். மூன்றாம் முறை வேண்டாம் என்று 1796இல் பத்திரிகையில் அறிவித்துவிட்டு ஊருக்குப் போனார். இரண்டு முறைக்கு மேல் கூடாது என்பது 1951இல் அந்த நாட்டுச் சட்டமே ஆனது.

கணக்கில் வராதவர்கள்

அப்பா இறந்தபோது 11 வயதுப் பையனுக்குப் பத்து அடிமைகள் சொத்தாக வந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களும் அவர்கள் வழியில் பிறந்தவர்களும் மாடு, நிலம் போல அங்கே சொத்து. சுதந்திரத்துக்காகப் போரிட்ட வாஷிங்டனின் வயல்களில் அடிமைகள்தான் வேலை செய்தார்கள். 1799இல் அவருடைய பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள்.

அவர் தலைவராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் தலைநகர் பிலடெல்பியா. அந்த மாநிலத்தில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்த அடிமை விடுதலை கேட்கலாம் என்று சட்டம். வாஷிங்டன் கெடு முடிவதற்குள் அவர்களை வெளி மாநிலத்துக்கு அனுப்பி மறுபடி அழைத்துக்கொள்வார். மற்றவர் கணக்கில் அவ்வளவு நேர்மையானவர் இந்தக் கணக்கில் இப்படி நடந்துகொண்டார்.

அந்த வீட்டில் ஓனி ஜட்ஜ் என்ற இளம்பெண் இருந்தாள். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குப் பணிவிடை செய்பவள். தன்னை இன்னொருவருக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியேறிவிட்டாள். கப்பல் ஏறி வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் போனாள். பிடித்துத் தந்தால் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வாஷிங்டன் இரண்டு முறை ஆள் மூலம் முயன்றார். அவள் திரும்பவில்லை.

அவர் மனம் மெல்ல மாறியதும் உண்மை. சாவதற்கு ஐந்து மாதம் முன்பு தன் கையாலேயே உயில் எழுதினார். தனக்குச் சொந்தமான 123 அடிமைகளுக்கும் மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுதலை. முதியோருக்குச் சோறும் துணியும் தர வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர வேண்டும், தொழிலும் பழக்க வேண்டும். 1799 டிசம்பர் 14ஆம் தேதி அவர் இறந்தார். மார்த்தா தன் காலம்வரை காத்திருக்கவில்லை. 1801 ஜனவரி முதல் நாள் அவர்களை விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்தாக இருந்த மற்றவர்களுக்கு அந்த உயிலில் இடம் இல்லை. ஓனி ஜட்ஜ் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவள்.

அவர் 1848 வரை உயிரோடு இருந்தார். கஷ்ட ஜீவனம்தான். கணவரும் பிள்ளைகளும் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். வயதான காலத்தில் பத்திரிகைக்காரர்கள் தேடிவந்து பேசினார்கள். வாஷிங்டன் வீட்டில் தனக்கு யாரும் ஓர் எழுத்துக்கூடக் கற்றுத்தரவில்லை என்று அவர் சொன்னார். ஓடிவந்த பிறகுதான் படிக்கக் கற்றுக்கொண்டார்.

கூடிப் பேசுங்கள்

1. வாஷிங்டன் பதவியைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

2. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அல்லல்பட்டவர்கள் உங்கள் ஊரில் உண்டா?

3. ஓனி ஜட்ஜ் ஓடியபோது அவருக்கு வயது சுமார் 22. இறக்கும்போது வயது என்ன இருக்கும்? கணக்குப் போடுங்கள்.