தீவுமொழிகளும் அவற்றைப் பேணிய சான்றோரும்

உலகிலுள்ள கடல்கள் யாவற்றினும் பரப்பாற் பெரியது பசிபிக் பெருங்கடல். அதன் வடக்கே ஹவாய்த் தீவுகளும், தென்மேற்கே நியூசிலாந்தும், தென்கிழக்கே ஈஸ்டர் தீவும் உள்ளன. இம்மூன்றனையும் கோடுகளால் இணைப்பின் ஒரு பெரிய முக்கோணம் தோன்றும். அதனுள் அடங்கிய தீவுக்கூட்டங்களைப் பொலினீசியா என வழங்குவர். 'பல தீவுகள்' என்பது அப்பெயரின் பொருளாம். ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடல் இடைக்கிடப்பினும், இத்தீவுகளில் வழங்கும் மொழிகள் ஒருதாய் வயிற்றுப் பிறந்த மக்களைப் போன்றவை. இவ்வுண்மை புலனாகிய வகையினையும், வாய்வழியே வாழ்ந்துவந்த அம்மொழிகள் ஏட்டில் ஏறிய வரலாற்றினையும் ஈண்டுக் காண்போம்.

1769ஆம் ஆண்டில் ஆங்கில மாலுமியாகிய ஜேம்ஸ் குக் என்பார் தாகித்தித் தீவினை அடைந்தார். ராயாத்தேயா என்னும் தீவிற் பிறந்த துபாயா என்ற அறிஞர் ஆங்கு அவருடன் கப்பலேறினார். துபாயா வழிபாட்டு முறைகளிலும், கடல்வழிகளை அறியும் கலையிலும் வல்லவர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிற் கப்பல் நியூசிலாந்தை அடைந்தது. கரையில் நின்ற மாவோரி மக்களை நோக்கித் துபாயா தம் மொழியிற் பேசினார். என்னே வியப்பு! முன்பின் கண்டறியாத அம்மக்கள் அவர் கூறியதன் பொருளை உணர்ந்து மறுமொழியும் கூறினர். குக்குடன் சென்ற ஜோசப் பாங்ஸ் என்னும் அறிஞர் இருமொழிச் சொற்களையும் அடுத்தடுத்து எழுதி ஒப்புநோக்கினார். துபாயாவோ தம் நாடு மீளாமலே 1770ஆம் ஆண்டிற் பத்தாவியா நகரில் நோயுற்று மாண்டார்.

இம்மொழிகளின் உறவினைச் சில சொற்களால் அறியலாம். வீட்டினைச் சமோவா மக்கள் 'ஃபலே' என்பர். மாவோரியர் 'ஃபரே' என்பர். ஹவாய் மக்கள் 'ஹலே' என்பர். வானத்திற்குச் சமோவா மொழியில் 'லஙி' என்றும், மாவோரி மொழியில் 'ரஙி' என்றும், ஹவாய் மொழியில் 'லனி' என்றும் பெயர். கண்ணினை மாவோரியர் 'மத்தா' என, ஹவாய் மக்கள் 'மக்கா' என்பர். இத்திரிபுகள் மனம்போனவாறு நிகழ்ந்தன அல்ல. மாவோரியின் தகரம் நிற்குமிடத்து ஹவாய் மொழியிற் ககரமும், ஙகரம் நிற்குமிடத்து னகரமும் வரும் என்பது விதி. மனிதனைக் குறிக்கும் 'தஙத்தா' என்னும் மாவோரிச் சொல் ஹவாயில் எவ்வாறு ஒலிக்கும் என அவ்விதிகொண்டு வினவுவோமாயின், 'கனக்கா' என்னும் விடை கிடைக்கும். ஹவாய் மக்கள் வழங்குவதும் அச்சொல்லே. மலாய் மொழியினும் கண்ணிற்கு 'மத்தா' என்பதே பெயர். மேற்கே மடகாஸ்கர் முதலாகக் கிழக்கே ஈஸ்டர் தீவு ஈறாகப் பரந்துள்ள ஆஸ்திரோனீசியம் என்னும் பெருங்குடும்பத்தின் ஒரு கிளையே பொலினீசிய மொழிகள்.

இனி, இவை எழுத்தேறிய வரலாற்றைக் காண்போம். தாமஸ் கெண்டல் என்னும் சமயத் தொண்டர் 1815ஆம் ஆண்டில் மாவோரி மொழிக்குரிய முதல் நூலினை வெளியிட்டார். பின்னர் 1820இல் ஹோங்கி ஹிக்கா, வைக்காட்டோ என்னும் மாவோரித் தலைவர் இருவருடன் அவர் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் சாமுவேல் லீ என்பார் அத்தலைவர்கள் வாய்ச்சொற் கேட்டு, இலக்கணமும் சொற்றொகுதியும் அடங்கிய நூலினை அவ்வாண்டே இயற்றினார். வில்லியம் வில்லியம்ஸ் என்பார் 1844இல் மாவோரி அகராதி ஒன்றை வெளியிட்டார். அவர் மகனார் அதனைத் திருத்தி விரித்தார். பெயரனார் மேலும் பெருக்கி 1917இல் ஐந்தாம் பதிப்பாக வெளிப்படுத்தினார். ஒரு மொழியின் சொற்களைத் தொகுத்தற்கு மூன்று தலைமுறையின் உழைப்பு வேண்டியிருந்தது காண்க.

ஹவாய்த் தீவினை 1820இல் அடைந்த சமயத் தொண்டர்கள் 1822இல் அம்மொழியை அச்சேற்றினர். எவ்வெழுத்துக்களைக் கொள்வது என்பதில் அவரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. வாக்கெடுப்பு நிகழ்த்தி, 1826இல் உயிர் ஐந்தும் மெய் ஏழும் ஆகப் பன்னிரண்டு எழுத்துக்களை வரையறுத்தனர். எனினும் ஒரு குறை நேர்ந்தது. தொண்டையில் மூச்சினைச் சிறிது தடுத்து எழுப்பும் ஒலி ஒன்று அம்மொழியில் உண்டு. குறில் நெடில் வேறுபாடும் உண்டு. இவ்விரண்டனையும் அவர்கள் முறையாகக் குறித்திலர். 'பஉ' என்பது 'முடிந்தது' எனப் பொருள்படும். இடையே ஒலியைத் தடுப்பின் 'புகைக்கரி' என்றாகும். உயிரிரண்டையும் நீட்டியும் தடுத்தும் ஒலிப்பின் 'பாவாடை' என்றாகும். மூன்றனையும் ஒரே வகையாக எழுதினால் என்னாம்? மொழியறிந்தோர் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். ஏட்டால் மட்டும் கற்போர் மயங்குவர்.

அம்மயக்கம் பெருகுங் காலமும் வந்தது. 1893இல் ஹவாய் அரசி ஆட்சி இழந்தார். 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆதல் வேண்டும் எனச் சட்டம் செய்யப்பட்டது. தாய்மொழி பேசும் சிறார் ஆண்டுதோறும் அருகினர். அந்நிலையில் தோன்றி அரும்பணி ஆற்றியவர் மேரி கவேனா பூக்குயி அம்மையார். 1895இற் பிறந்த அவர், இளமையிற் பாட்டியாரிடம் வளர்ந்து பழமரபுகளைக் கற்றவர். ஹொனலூலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்திற் பணிபுரிந்து, முதியோர் வாய்மொழிகளைத் திரட்டினார். சாமுவேல் எல்பர்ட் என்னும் மொழியியலாருடன் கூடி 1957இல் ஹவாய் – ஆங்கில அகராதியை வெளியிட்டார். முன்னோர் விடுத்த ஒலித்தடையும் நெடிலும் அதில் உரிய குறிகளோடு இடம்பெற்றன. அவர் தொகுத்த ஏறத்தாழ 3000 பழமொழிகள் 1983இல் நூலாயின.

ஏட்டில் இருப்பதனால் மட்டும் மொழி உயிர்வாழுமோ? வாழாது, நாவிலும் நடமாடல் வேண்டும். இதனை உணர்ந்த மாவோரியர் 1982இல் 'மொழிக்கூடு' என்னும் பெயரால் மழலைப் பள்ளிகளைத் தொடங்கினர். தாய்ப்பறவை குஞ்சுகளைக் கூட்டில் வைத்து ஊட்டுமாப்போல, அங்கே முதியோர் தம் மொழியினைக் குழந்தைகட்கு ஊட்டினர். 1984இல் ஹவாய் மக்களும் அவ்வழி சென்றனர். 1978இல் ஹவாய் மொழியும், 1987இல் மாவோரி மொழியும் ஆட்சிமொழி என்னும் உரிமை பெற்றன. வீட்டில் அம்மொழி கேளாது வளர்ந்த பெற்றோர் பலர் தம் மக்களின் பொருட்டு அகராதியைக் கையிலெடுத்துத் தாமும் மாணாக்கராயினர். பூக்குயி அம்மையார் இட்ட சிறு குறிகளே பிழையின்றி ஒலித்தற்கு அவர்கட்குத் துணையாயின.

மாணவர்களே! உழவர், தச்சர், மீனவர் முதலிய தொழிலாளர் நாவில் வழங்கும் சொற்களுட் பல இன்னும் எவ்வகராதியிலும் ஏறாதிருத்தல் கூடும். அவற்றைக் கேட்டவாறே, ஒலியும் பொருளும் பிழையாமற் குறித்து வையுங்கள். ஒரு முதியவர் மறையுங்கால் அவரோடு மறையும் சொற்களைப் பின்னர் எவராலும் மீட்டல் அரிது.