யாழ் கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

யாழைக் கார்பன் ஃபைபரில் கட்டலாமா, பலாவிலேயே கட்டிவிடவா என்று கேட்டிருந்தாய். ஆடித் திருவாதிரை விழா மேடையை மனதில் வைத்துத்தான் கேட்கிறாய் என்று புரிந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் திறந்த வெளியில், பகல் வெயிலில் கூட்டிய சுருதி ராத்திரி மேடையேறும்போது நிற்காது. மரத்தின் மேல் எரிச்சல் வருவது இயல்புதான். (உங்கள் ஊர்க் கோயில் ஞான சரஸ்வதி கையில் வீணையே கிடையாது. சுருதித் தொல்லை தெரிந்த தெய்வம் என்று நினைத்துக்கொள்வேன்.)

வெளிநாட்டு ஹார்ப்காரர்கள் கார்பனுக்குப் போன காரணத்தை முதலில் பார். பெரிய கச்சேரி ஹார்ப்பில் 47 நரம்புகள். மொத்த இழுவை கிட்டத்தட்ட ஒரு டன். அத்தனையும் இறங்குவது மெல்லிய ஸ்ப்ரூஸ் பலகை ஒன்றின் மேல். அதுவே சுமக்கவும் வேண்டும், அதுவே பாடவும் வேண்டும். வருஷம் போகப் போகப் பலகை வயிறு தள்ளும், ஈரக்காற்றில் உப்பும், காய்ந்தால் விரிசல் விடும். கார்பன் இதற்கெல்லாம் அசையாது, எடையும் குறைவு. ஆனால் பாடும் பலகையே மாறிவிடுவதால் குரலும் மாறுகிறது. அங்கே நடக்கிற சண்டை அந்தக் குரலைப் பற்றியது.

நம் யாழின் கட்டுமானமே வேறு. முன்தூண் இல்லை. அடிப்பெட்டியான பத்தரிலிருந்து கோடு என்கிற தண்டு வளைந்து எழுகிறது. நரம்பின் ஒரு முனை கோட்டில், மறுமுனை பத்தரின் மேல் போர்த்திய தோலில். பாடுவது தோல். பத்தர் அந்த ஓசைக்கு அறை. கோட்டுக்குச் சுமப்பது ஒன்றே வேலை. ஆகவே அவர்கள் சண்டையை நாம் அப்படியே தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை.

நீ 14 நரம்பு கட்டுகிறாய். நரம்புக்கு 5 கிலோ இழுவை என்று வைத்தாலும் 70 கிலோ. ஓர் ஆள் இரவும் பகலும் கோட்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருப்பது போல. தாங்கத் தூண் இல்லாததால் கோடு உள்ளே வளைகிறது. கடைசி நரம்பைக் கூட்டி முடிக்கும்போது முதல் நரம்பு இறங்கிக் கிடப்பது இதனால் இருக்கலாம், தோல் இழுபடுவதாலும் இருக்கலாம். வெயிலை மட்டும் திட்டிப் பயனில்லை.

ஒன்று செய். எல்லா நரம்பையும் சுருதியில் நிறுத்திவிட்டு, கோட்டு நுனியிலிருந்து பத்தரின் மர விளிம்பு வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து முடிச்சுப் போடு. பிறகு முதல் நரம்பைத் தவிர மற்றவற்றைத் தளர்த்து. முதல் நரம்பின் சுருதி ஏறும். நூலை மறுபடி பிடித்துப் பார். முடிச்சு எட்டவில்லை என்றால் வளைந்தது கோடு. முடிச்சு அதே இடத்தில் உட்கார்ந்தால் கோடு நன்றாக இருக்கிறது, இழுபட்டது தோல். இதைப் பார்க்காமல் பொருளை மாற்றுவது காசுக்குக் கேடு.

கோடுதான் என்றால் கார்பனுக்கு அங்கே நிஜமான வேலை இருக்கிறது. முழுக் கோட்டையும் கார்பனில் வார்க்கச் சொல்லமாட்டேன். கிடார் கட்டுகிறவர்கள் கழுத்து மரத்துக்குள் கார்பன் பட்டை பதிக்கிறார்கள். அப்படி இரண்டு பட்டை பதித்தால் போதும். தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள், தண்ணீர் விட்டுத் தேய். அந்தத் தூள் மூச்சுக்கு ஆகாது.

“மரம்தான் மரபு” என்று உன்னை மிரட்டுகிறவர்களுக்குப் பயப்படாதே. பழைய தமிழ் யாழ் ஒன்றுகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. விபுலாநந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டதும் பாட்டையும் உரையையும் கணக்கையும் வைத்துத்தான். அந்த ஓசையைக் கேட்ட காது இன்று எதுவும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன் உள்துளையுள்ள குமிழங் கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்துகொண்டான். கைக்கு எட்டியதை எடுத்தான், அவ்வளவுதான். நம் காலத்தில் சென்னையில் இசைக்கருவி செய்யும் தருண் சேகர் ரெட் சிடார் மரத்தில் யாழ் செய்தார்.

வளைந்த யாழ் விடாமல் வாழும் இடம் வேண்டுமானால் வங்கக் கடலுக்கு அக்கரையில் பர்மாவைப் பார். சாங் கவுக் என்கிறார்கள். பத்தருக்குப் படாக் மரம், போர்வைக்கு மான் தோல். கோட்டுக்குத் தானாகவே வளைந்து வளர்ந்த கருங்காலி இன மரத்தின் வேர்! நேர்ப் பலகையை வளைவாக அறுத்தால் மரத்தின் நார் நடுவில் அறுபடும், சுமையில் அங்கேதான் பிளக்கும். வளைந்த வேரில் நார் வளைவோடே ஓடும். கார்பன் செய்யும் வேலையை அவர்கள் தேடித் தேடி மரத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். நரம்பில் மட்டும் பட்டுப் போய் நைலான் வந்துவிட்டது.

கார்பனிலும் வெயில் வேலை செய்யும். ஃபைபர் அசையாது, அதைப் பிடித்திருக்கும் எபாக்சி இளகும். சாதாரண எபாக்சிக்கு 60 டிகிரி பக்கத்திலேயே பிடிப்புக் குறையும். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கறுப்புக் கோடு அந்தச் சூட்டை எட்டிவிடும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையும் அப்படியே. கோடு பத்தரில் சேரும் மூட்டில் அந்தப் பசை வேண்டவே வேண்டாம். ஓயாத இழுவையில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

தோல் மழைக்காலத்தில் தளரும், அதற்கு மருந்து மரத்திலும் இல்லை, கார்பனிலும் இல்லை. பெங்களூரு வரதரங்கன் ஸ்ரீ மிருதங்கத்தில் தோலுக்குப் பதில் செயற்கைப் போர்வை கொண்டுவந்தார். யாழுக்கும் முயலலாம். நான் முதல் யாழுக்கு ஆட்டுத் தோல்தான் சொல்வேன். கிழிந்தால் மிருதங்கம் மூட்டுகிறவர் யாராவது மறுபடி போர்த்திக் கொடுப்பார். கார்பன் பத்தர் விரிசல் விட்டால் அரியலூரில் யாரிடம் கொண்டுபோவாய்?

பத்தருக்குப் பலா எடு, எடை பிடிக்காவிட்டால் குமிழ். ஈரம் போகாத புதுக்கட்டை வாங்காதே. கொள்ளிடம் தாண்டினால் நரசிங்கம்பேட்டை. 2022இல் புவிசார் குறியீடு வாங்கிய நாகஸ்வரம் செய்கிறவர்கள் ஆச்சா மரத்தைப் பழைய வீடு இடிக்கிற இடத்தில் தேடுகிறார்கள். பல காலம் உத்தரமாகக் கிடந்து அசைவெல்லாம் முடித்த கட்டை அது. நீயும் அப்படி ஒரு பலா நிலையோ கதவோ கிடைக்குமா என்று விசாரி. ஆணித் துளை இருக்கிற பக்கத்தைக் கழித்து அறுக்கச் சொல்.

தோல் போர்த்துவதற்கு முன் மூட்டைப் படம் எடுத்து அனுப்பு. நூல் முடிச்சு எவ்வளவு நகர்ந்தது என்பதையும் எழுது, பட்டையின் அகலத்தைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்