தோட்டா உறையில் ஒரு மெட்ராலஜி பாடம்

மெட்ராலஜி லேப்ல வெர்னியர் பிடிச்சு, ரீடிங் எழுதி, ரெக்கார்டுல சைனும் வாங்கியாச்சு. அந்த 0.02 மி.மீ. லீஸ்ட் கவுன்ட் வெளி உலகத்துல யாருக்குத் தேவைப்படும்னு யோசிச்சிருக்கீங்களா?

அதுவே போதாதுன்னு சொல்ற ஒரு கூட்டம் இருக்கு. அமெரிக்காவில் பெஞ்ச்ரெஸ்ட் என்று ஒரு துப்பாக்கி சுடும் போட்டி நடக்கிறது. மேஜை மேல் ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, 100 கஜ தூரத்தில் 5 குண்டு சுடுவார்கள். அதிக தூரம் விலகியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளப்பார்கள். நல்ல போட்டியாளருக்கு அது 6 மி.மீ.க்குள்ள வந்துடும். அவங்க கடையில் தோட்டா வாங்குறதில்லை. பித்தளை உறை, பிரைமர், பவுடர், குண்டு நாலையும் தனித்தனியா வாங்கி, கையாலேயே நிரப்பிக்கிறாங்க.

முதல்லயே சொல்லிடறேன்: இந்தியாவில் லைசன்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால நமக்கு இது வெறும் ப்ரொடக்‌ஷன் இன்ஜினியரிங் கேஸ் ஸ்டடி. பவுடர் பக்கம் போகப்போறதில்லை, பித்தளை உறையை மட்டும் பார்ப்போம்.

உறை எப்படிப் பிறக்குது?

70% செம்பு, 30% துத்தநாகம். இந்தக் கலவைக்கே கார்ட்ரிட்ஜ் பிராஸ் என்றுதான் பெயர். தகட்டிலிருந்து வட்டமாக வெட்டி, கிண்ணமாக்கி, பல தடவை டீப் டிராயிங் செய்து நீட்டுவார்கள். ஒவ்வொரு இழுப்பிலும் வொர்க் ஹார்டனிங் ஆகும். நடுநடுவே அனீலிங் செய்து மென்மையாக்குவார்கள். கடைசியில் அடிப்பாகம் கெட்டியாகவும் கழுத்து மென்மையாகவும் இருக்கணும். அடிப்பாகம் அழுத்தத்தைத் தாங்கணும், கழுத்து விரிந்து சுவரோடு ஒட்டி கேஸை அடைக்கணும்.

கழுத்தை அனீல் செய்யாம விட்டா என்ன ஆகும்? அதுக்கு நம்ம நாட்டுலயே சரித்திரம் இருக்கு. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களை குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, யாரும் சுடாமலேயே உறைகள் விரிசல் விட்டன. உள்ளே மிச்சமிருந்த ஸ்ட்ரெஸ்ஸும், குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாவும், ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது. மெட்டலர்ஜி புத்தகத்துல சீசன் கிராக்கிங்னு வருதே, அதுதான். 1921-ல்தான் காரணம் தெளிவாக விளக்கப்பட்டது. இன்னைக்கும் அம்மோனியா கலந்த பாலீஷால உறையைத் துடைக்கக் கூடாதுன்னு சொல்றது இதனாலதான்.

வரிசை முக்கியம்

புது உறை என்றால் அப்படியே பயன்படுத்தலாமே? முடியாது. பெட்டிக்குள் குலுங்கி வந்ததில் வாய் நசுங்கியிருக்கும். ஒரே பையில் வந்த 50 உறையும் ஒரே நீளத்தில் இருக்காது. செய்ய வேண்டியவை இவை:

1. கண்ணால் பார்த்து விரிசல், ஆழமான கீறல் இருப்பதை ஒதுக்குவது.
2. மான்ட்ரல் அல்லது சைசிங் டை மூலம் கழுத்தை வட்டமாக்குவது.
3. நீளத்தை அளந்து, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு டிரிம் செய்வது.
4. வாய் விளிம்பை உள்ளேயும் வெளியேயும் சாம்ஃபர் செய்து பர் எடுப்பது.
5. அடியிலுள்ள ஃப்ளாஷ் ஹோலில், உள்பக்கம் நிற்கும் பர்ரை எடுப்பது.
6. எடை பார்த்துப் பிரிப்பது.

இந்த வரிசையை மாத்திப் பாருங்க. நசுங்கின வாயோட நீளம் அளந்தா அந்த ரீடிங்கே தப்பு. டிரிம் பண்ணிட்டு சைசிங் பண்ணினா நீளம் மறுபடி மாறும். சாம்ஃபர் பண்ணிட்டு டிரிம் பண்ணினா சாம்ஃபரே போயிடும். ப்ராசஸ் பிளானிங் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வர்றது இங்க நிஜமா நிக்குது.

நீளத்தில் பாதுகாப்பும் இருக்கிறது. .308 வின்செஸ்டர் உறைக்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், அதாவது 51.18 மி.மீ. அதைத் தாண்டினால் உறையின் வாய் சேம்பரின் முனையில் இடித்து, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு சுலபமாக விடுபடாது, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ஆனால் புது உறைகள் பெரும்பாலும் இந்த அளவுக்குக் கீழேதான் இருக்கும். அதனால் புது உறையை டிரிம் செய்வது ஒரே மாதிரி ஆக்கத்தான்.

எடை எதைச் சொல்கிறது?

உறையின் வெளி அளவு ஒன்றாக இருந்தால், கனமான உறைக்கு உள்ளே இடம் குறைவு, அழுத்தம் மாறும். எவ்வளவு மாறும்? கணக்குப் போடுவோம். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம். பித்தளையின் அடர்த்தி 8.5 கிராம்/க.செ.மீ. எனவே ஒரு கிரெய்ன் பித்தளை அடைக்கும் இடம் சுமார் 0.0076 க.செ.மீ. .308 உறையின் கொள்ளளவு ஏறத்தாழ 3.6 க.செ.மீ. வித்தியாசம் 0.2% மட்டும்தான்!

அதுவும் அந்த ஒரு கிரெய்ன் உள்சுவரில்தான் இருக்கும் என்று நிச்சயமில்லை. அடியில் வெட்டிய பள்ளத்தின் ஆழம் மாறினாலும் எடை மாறும், கொள்ளளவு மாறாது. கொள்ளளவு தெரியணும்னா ஒரு தடவை சுட்டு, உறை சேம்பர் வடிவத்துக்கு விரிந்த பிறகு தண்ணீர் நிரப்பி எடை பார்ப்பதே நேரடி வழி. எடையைக் கொள்ளளவுக்குப் பதிலாக வைக்கும் போது, அது பதிலி மட்டும்தான் என்று ஞாபகம் இருக்கணும். மொத்தத்திலிருந்து தனியா விலகி நிக்கிற ரெண்டு மூணு உறையை ஒதுக்க எடை போதும்.

எங்கே நேரம் செலவழிக்கணும்?

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா, இதை வெச்சுக்கோங்க. ஒன்றை ஒன்று சாராத வேறுபாடுகள் நேராகக் கூடாது. அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும். மூன்று காரணங்களின் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 10, 3, 3 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் √118, அதாவது 10.9. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு 3-ஐ பூஜ்யமாக்கினாலும் மொத்தம் 10.4-க்குத்தான் இறங்கும். அந்த 10-ஐப் பாதியாக்கினால்? 6.6!

உறையில் செய்யும் வேலைக்கெல்லாம் இதுதான் அளவுகோல். கழுத்து சுவரைச் சீவி ஒரே தடிமனாக்கும் நெக் டர்னிங், குறுகலான சேம்பர் வைத்த பெஞ்ச்ரெஸ்ட் ரைஃபிளுக்கு அவசியம். சாதாரண ஃபேக்டரி ரைஃபிளில் அதன் பலன் மற்ற வேறுபாடுகளுக்குள் மறைந்துவிடும். அதே போல, 0.01 மி.மீ. வித்தியாசத்தை 0.02 மி.மீ. வெர்னியரால் பிரிக்க முயற்சிப்பதும் வீண். கருவி பார்க்க முடியாததை நம்மால் திருத்த முடியாது.

இன்னொரு பொறி: பர் எடுத்த உறையில் 5 குண்டு, எடுக்காததில் 5 குண்டு சுட்டு "இதான் பெட்டர்" என்று முடிவு கட்டுவது. ஐந்து சாம்பிளில் அதிர்ஷ்டமே அவ்வளவு வித்தியாசம் காட்டும். பல தடவை சுட்டு சராசரி பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கும் இதே கதைதான். ரீடிங் அலையுதுன்னா சென்சாரை மாத்தணுமா, வயரிங்கை மாத்தணுமா, கோடை மாத்தணுமான்னு அடிச்சுக்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொன்னுலயும் எவ்வளவு வேறுபாடு வருதுன்னு தனித்தனியா அளந்து ஒரு லிஸ்ட் போடுங்க. மேல இருக்கிறதுல கை வைங்க.