பக்கத்துக் குளத்து இறால்

இலங்கையின் முந்தல், சிலாபம், புத்தளம் களப்புகளை ஒட்டி இறால் வளர்ப்பவர்களுக்கு, அடுத்தவரின் வெற்றியில் தமக்கும் பங்குண்டு என்று யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. களப்பும் டச்சுக் கால்வாயும்தான் அவர்களுடைய தண்ணீர். ஒருவர் வெளியேற்றும் நீரை இன்னொருவர் மோட்டார் போட்டுத் தன் குளத்துக்கு எடுக்கிறார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது, தன் குளத்தை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட கெட்டிக்காரரும் தப்பவில்லை.

2000களில் அதற்கொரு வழி கண்டார்கள்: வலயவாரியான பயிர் நாட்காட்டி. எந்தப் பகுதி எப்போது குஞ்சு விடலாம் என்பதைப் பண்ணையாளர் சங்கங்களும் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான அரச நிறுவனமான 'நக்டா'வின் அதிகாரிகளும் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. குஞ்சுகளுக்கு நோய்ச் சோதனை உண்டு. குளத்தில் நோய் கண்டால் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. தன் முறை வரும்வரை குளத்தைக் காயப்போட்டுக் காத்திருப்பவர் தியாகி இல்லை. அவர் தன் அறுவடையைத்தான் காப்பாற்றிக்கொள்கிறார்.

உங்கள் வேலைத்தளத்துக்கும் இது பொருந்தும். முதலில், யாரோடு தண்ணீரைப் பகிர்கிறீர்கள் என்று பாருங்கள். உங்கள் கணக்கு முடிந்தால்தான் யாருடைய அறிக்கை நகரும்? யார் தாமதித்தால் உங்கள் வேலை நிற்கும்? பெரும்பாலும் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். இந்த ஆண்டு அவர்கள் எதை எட்டப் பார்க்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். பதவி உயர்வுப் பரீட்சையா, புதுப் பிரிவுக்கு மாற்றமா? தெரிந்தால்தான் உதவ முடியும். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் உதவி, யாருக்கும் பயன்படாமல் போகிறவர்கள் ஒவ்வொரு கந்தோரிலும் உண்டு. அவர்களுடைய சொந்தக் கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

அடுத்தது முறை. 'எப்ப வேண்டுமானாலும் கேளுங்க' என்பது கேட்க இனிமைதான், நடப்பதில்லை. 'மாத முடிவு வரை என் கணக்கு. முதல் வாரம் உங்க விண்ணப்பத்தைச் சேர்ந்து பார்ப்போம்' என்று தேதி சொல்லுங்கள். உங்கள் இலக்கையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்த இலக்குக்கு யாரும் வழிவிட மாட்டார்கள். அதற்காக அடுத்தவரின் வேலையை முழுதாக எடுத்துச் செய்யாதீர்கள்: நாட்காட்டி வந்த பிறகும் அவரவர் குளத்துக்கு அவரவர்தான் தீனி போடுகிறார்.

கடினமானது நோயைச் சொல்வது. பிந்தப்போகிறீர்களா? தெரிந்த அன்றே சொல்லுங்கள். சொல்பவரைத் திட்டும் மேலாளரிடம் மட்டும் இது எடுபடாது. அங்கே, பாதிக்கப்படப் போகிற சக ஊழியருக்காவது முன்கூட்டித் தெரிவியுங்கள்.

நீங்களே மேலாளர் என்றால் சிலாபத்திலிருந்து இயங்கும் 'சுதீச' அமைப்பைப் பாருங்கள். அமெரிக்காவின் 'சீகாலஜி' என்ற சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து 2015இல் தொடங்கிய திட்டத்தில், கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்கள் தம் ஊர்க் கண்டல் காட்டைக் காக்க வேண்டும். பெண்களுக்குத் தொழில், அமைப்புக்குக் காடு. இரண்டும் ஒரே உடன்படிக்கையில். நீங்களும் ஊழியரை மதிப்பிடும் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: இந்த ஆண்டு யாருடைய வேலை உங்களால் முன்னேறியது? பதிலை அந்த மற்றவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். சம்பள உயர்விலும் அதற்கு இடம் கொடுங்கள்.